இருபத்து மூன்று இடி

எடைமேடைக்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்தெட்டு வருஷமாக லாரிகளை எடை போடுகிற வேலை. மணல் லாரி, கம்பி லாரி, பழைய இரும்பு லாரி என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடையில் ஏறி நிற்கும். இவர் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். வெளியே நிற்கிறவன் சும்மா நிற்பானா? பேச்சுவாக்கில் ஒரு காலைத் தூக்கி மேடை ஓரத்தில் வைப்பான். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வானத்தைப் பார்ப்பான். உள்ளே எண் கூடும்.

"காலை எடு!"

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்தச் சத்தம் போடுவார். அதற்குப் பிறகு ஒரு மனுஷன் யாரை நம்புவான்? வீட்டுக் கதவைப் பூட்டினால் ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார். பெட்ரோல் போட்டால் தொட்டியை ஆட்டிக் காதை வைத்துக் கேட்பார். மருந்துக் கடையில் அட்டையை வாங்கினால் மாத்திரைகளை எண்ணுவார். மாத்திரை அட்டைக்குள்ளே ஒட்டியிருக்கிறது, எங்கே போகும் என்று மனைவி கேட்டால், "போகாதுன்னு நீ பாத்தியா?" என்பார்.

அப்படிப்பட்ட ஆளின் பைக்கில்தான் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டினான்.

காரணம் இடது மணிக்கட்டு. கட்டை விரலுக்குக் கீழே எலும்பு தேய்ந்துவிட்டது. கிளட்சைப் பிடிக்கும்போதெல்லாம் சுரீர் என்று முழங்கை வரைக்கும் ஏறும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கிளட்சைப் பிடிப்பதைக் குறைக்காவிட்டால் பைக்கையே மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். எடைமேடைக்காரர் அவரையும் நம்பவில்லை. ஆனால் வலி பொய் சொல்லவில்லையே.

மச்சினன் மெக்கானிக். ஐம்பத்திரண்டு வயது. தலையில் முடியை விட கிரீஸ் அதிகம். அவன் பட்டறையில் பைக்கைக் கிடத்தி, கியர் லீவருக்குப் போகிற கம்பியில் விரல் மொத்தத்துக்கு ஒரு சென்சாரைச் சொருகி, சீட்டுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை வைத்துக் கட்டினான்.

"மாமா, இதுக்குப் பேரு குவிக் ஷிஃப்டர். கிளம்பறதுக்கும் நிக்கறதுக்கும் கிளட்ச் வேணும். கியரை இறக்கும்போதும் ரெண்டு விரலால பிடிங்க. மத்தபடி ஏத்தும்போது கிளட்சைத் தொடவே வேணாம். லீவரைக் காலால தூக்கினா போதும். சென்சார் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி கண் சிமிட்டற நேரம் இன்ஜின்ல தீப்பொறியை நிறுத்தும். அந்த இடைவெளியில கியர் உள்ள போயிடும். மறுபடி தீப்பொறி வந்துடும். வெண்ணெய் மாதிரி இருக்கும்."

"நிறுத்தலைன்னா?"

"நிறுத்தும் மாமா."

"நிறுத்தலைன்னா என்ன ஆகும்னு கேட்டேன்."

"நிறுத்தும்னு சொன்னேன்." மச்சினன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "மூணே விஷயம். ஒண்ணு, ஆக்சிலேட்டரை முறுக்கின கையை முறுக்கினபடியே வச்சிருங்க, மூடாதீங்க. ரெண்டு, மாத்தற நேரம் தவிர லீவர் பக்கம் கால் போகவே கூடாது. மூணு, இன்ஜின் முனகும்போது மாத்தாதீங்க, கொஞ்சம் பாட விடுங்க."

"சரி, சரி. நான் என்ன நேத்திக்கா பைக் ஏறினேன்?"

அவர் பைக் ஏறி முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அந்த முப்பத்தோரு வருஷமும் பின்னால் உட்கார்ந்தவள் அவர் மனைவி. ஊரில் தையல்காரம்மா என்றால்தான் தெரியும். சலவைக் கடைக்குப் பக்கத்தில் பழைய துணிகளை அளவு மாற்றித் தைக்கிற சின்னக் கடை அவளுடையது. வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர், வழியில் ஆறு சிக்னல். அவளைக் கடை வாசலில் இறக்கிவிட்டு அவர் அடுத்த சாலையில் இருக்கிற எடைமேடைக்குப் போவார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் அவளுக்கு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், அவருக்கு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பேச்செல்லாம் பைக்கில்தான். காலையில் இருபத்தைந்து நிமிஷம், சாயங்காலம் இருபத்தைந்து நிமிஷம். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் ஒழுகுகிறது, எந்த வாடிக்கையாளருக்கு இடுப்பு இரண்டு அங்குலம் ஏறியும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார், எல்லாவற்றையும் அவர் காதுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் "ம்" கொட்டுவார். உலகத்தில் அவர் கேள்வி கேட்காமல் நம்பிய சேதிகள் அவைதாம்.

பெட்டி மாட்டிய மறுநாள் காலை அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

தெரு முனையைத் தாண்டி இரண்டாவது கியருக்குப் போனார். டக்! பின்னால் இருந்து அவள் ஹெல்மெட் வந்து அவர் ஹெல்மெட்டில் மோதியது. மூன்றாவது கியர். டக்! நான்காவது. டக்! ஐந்தாவதில் மோதிய மோதலில் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்போது அவள் ஓரகத்தியின் புது வீட்டைப் பற்றிப் பாதி வாக்கியத்தில் இருந்தாள். மீதிப் பாதி வரவே இல்லை.

கடை வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இருபத்து மூணு."

"என்ன இருபத்து மூணு?"

"இடி. எண்ணிக்கிட்டே வந்தேன்."

"தப்பா எண்ணியிருப்பே."

"வாங்கினவ நான்."

அன்று சாயங்காலமே மச்சினன் பட்டறைக்குப் போய் நின்றார். "உன் பெட்டி போலிப் பெட்டி" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். மச்சினன் தீப்பொறி நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் கூட்டினான். மறுநாள் இருபத்து நாலு இடி. குறைத்தான். அடுத்த நாள் மறுபடி இருபத்து மூன்று. தையல்காரம்மா கடைக் கணக்குக்கு வைத்திருந்த சாக்குக்கட்டியால் சுவரில் கோடு போட்டு வைத்தாள், நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. துணி கொடுக்க வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் என்னை முட்டினது" என்றாள். கேட்டவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வேன்காரர் வந்தார். அந்தச் சாலையில் வேலைக்கு வருகிறவர்களை வீட்டு வாசலில் ஏற்றிக் கடை வாசலில் இறக்குகிறவர். வாய் நிறைய வெற்றிலை இல்லை, ஆனால் வாய் நிறையப் பேச்சு. தன் வேனைப் பற்றிப் பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுகிற மாதிரி பேசினார்.

"குஷன் சீட்டும்மா. ஏசி. தலை சாய்க்கத் தனியா ஒரு மெத்தை. ஜன்னல் ஓரமா ஒரு இடம் காலியாகுது. சனிக்கிழமை காலையில வந்து கேக்கறேன், சொல்லிடுங்க. திங்கக்கிழமையில இருந்து ஏத்திக்கறேன்."

சாயங்காலம் சிக்னலில் நின்றபோது தையல்காரம்மா இதைச் சொன்னாள். நின்றிருக்கும்போது மட்டும்தான் இப்போதெல்லாம் வாயைத் திறப்பது.

"போக வேண்டியதுதானே" என்றார் எடைமேடைக்காரர்.

"தலைக்கு மெத்தையாம்."

"நல்லது."

"ஏசியாம்."

"சளி பிடிக்கும்."

பச்சை விழுந்தது. டக்! டக்! டக்! டக்!

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. காரமென்று சொல்லித் தட்டை ஒதுக்கினார். தையல்காரம்மா மிஷினில் இருந்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தாள். காரம் எப்போதும் போலத்தான் இருந்தது. அந்த ஜன்னலோர சீட்டு அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கப்போவதில்லை. ஓரகத்தி வீட்டுக் கதை வேனில் உட்கார்ந்திருக்கிற எவளோ ஒருத்திக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை, மச்சினன் தானாகவே வந்து நின்றான். தன் வண்டியில் பக்கத்திலேயே வந்து பார்க்கிறேன் என்றான். முதல் சிக்னல் வரைக்கும் ஒட்டினாற்போல வந்தவன், சிக்னலில் நின்றதும் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"காலை எடு!"

சாலையே திரும்பிப் பார்த்தது. எடைமேடைக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய சத்தத்தையே அவருக்குத் திருப்பிப் போடுகிறான்.

"என்னடா?"

"கீழ பாருங்க மாமா. உங்க இடது காலு எங்க இருக்கு?"

பார்த்தார். கால் விரல் லீவருக்கு அடியில் சொருகி, தூக்கத் தயாராக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"சும்மா ரெடியா வச்சிருக்கேன்."

"மேடையில கால் வைக்கறவனும் சும்மாதான் மாமா வைக்கறான்! உள்ள எண் கூடுதா இல்லையா? சென்சார் மேல இப்படி முட்டுக் கொடுத்தா, நீங்க மாத்தறீங்களா, சும்மா இருக்கீங்களான்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு நினைச்ச நேரத்துல தீப்பொறியை நிறுத்துது."

பின்னால் ஹெல்மெட்டுக்குள் தையல்காரம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. நாலு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவாவது காலை எடுத்திருப்பார். எடுத்தார். மாற்றும்போது மட்டும் தூக்கி, உடனே கீழே வைத்தார்.

அன்றைக்குக் கோடு பதினாலு.

"பாத்தியா, குறைஞ்சிடுச்சு" என்றார்.

"பதினாலு இடியும் என் தலைதான் வாங்கிச்சு" என்றாள். "நாளைக்கு வேன்காரருக்குப் பதில் சொல்லணும்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அவருடைய வேலைச் சட்டையைக் கையில் எடுத்தாள். வலது தோள் தையல் விட்டிருந்தது. அந்த இடத்தை விரலால் நீவிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, உங்க சட்டையில வலது தோள் மட்டும் ஏன் பிரியுது?"

"நூல் மட்டமா இருக்கும்."

"நூல் என்னுது."

அவர் ரேடியோவைத் திருகினார். அவள் விடவில்லை.

"நான் பின்னால உக்காந்து வேற எதைப் பாக்கறது? உங்க தோளைத்தான் பாத்துக்கிட்டு வரேன். ஒவ்வொரு இடிக்கும் முன்னாடி அந்த வலது தோள் கீழ இறங்குது. இறங்கினா எனக்குத் தெரியும், இதோ முட்டப் போறேன்னு. கழுத்தை இறுக்கிக்குவேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இறங்கல."

"ஆக்சிலேட்டரை மூடறீங்க."

"மூடவே இல்ல. சத்தியமா."

எடைமேடைக்காரர் பொய் சத்தியம் செய்கிறவர் இல்லை. தையல்காரம்மாவுக்கும் அது தெரியும். அவள் எழுந்து சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, நடையில் நிறுத்தியிருந்த பைக்குக்கு அவரைக் கூப்பிட்டாள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினைப் போடாமல், ஏறி உட்காரச் சொன்னாள்.

"ஓட்டும்போது எவ்வளவு முறுக்குவீங்களோ அவ்வளவு முறுக்கிப் பிடிங்க."

பிடித்தார். ஆக்சிலேட்டர் ரப்பரிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள், இடுப்புக்கு அளவு வைக்கிற மாதிரி.

"இப்ப கண்ணை மூடிக்கிட்டு, ரோட்டுல போறதா நினைச்சு, ரெண்டாவது கியர் போடுங்க."

கண்ணை மூடினார். தெரு முனையை நினைத்தார். காலைத் தூக்கினார்.

"அப்படியே இருங்க. கண்ணைத் திறங்க."

கோடு இரண்டாக உடைந்து கிடந்தது. நடுவே இரண்டு விரல் இடைவெளி.

யாராவது வாயால் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். மச்சினன் ஐந்து நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் இது கோடு. ஒரு முனை இங்கே, மறு முனை அங்கே. வெளியே நின்றவன் காலை வைத்ததை உள்ளே எண் காட்டுகிற மாதிரி, அவர் கை செய்ததைக் கோடு காட்டியது. அவர் கோட்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாமலே செய்யுதே இது" என்றார், வேறு யாரோ ஒருத்தர் கையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"பெட்டி நிறுத்துமோ நிறுத்தாதோன்னு நீங்களும் சேர்ந்து நிறுத்தறீங்க. பூட்டை ஏழு தடவை இழுக்கற கைதானே அது? பெட்டி ஒரு தடவை நிறுத்தி, விட்டுடுது. நீங்க விடல. வண்டி தொங்குது. நான் வந்து முட்டறேன்."

"ஒரு பாதுகாப்புக்குத்தான்..."

"என் தலைக்கு?"

தையல்காரம்மா சட்டையை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போனாள். போகிற போக்கில் சொன்னாள்: "தோள் தையல்ல ஒரு குண்டூசி வச்சுத் தச்சா சரியாயிடும். இறங்கினா குத்தும்."

சனிக்கிழமை காலை. சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது. எடைமேடைக்காரர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது தோளில் புதுத் தையல், இரட்டை மடிப்பு. விரலால் அமுக்கினார். மொத்தமாக இருந்தது. ஊசியா, நூல் முடிச்சா, ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏய், குண்டூசி வச்சியா?"

"வைக்கல."

"உண்மையைச் சொல்லு."

"வைக்கலைன்னு சொல்றேன்ல." ஆனால் சொல்லும்போது உதட்டோரம் ஏதோ ஒன்று இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக லாரிக்காரர்களைப் பார்த்தவருக்கு அது தப்புமா? வைத்திருக்கிறாள். கட்டாயம் வைத்திருக்கிறாள்.

சட்டையைப் போட்டுக்கொண்டு, வலது தோளைக் கண்ணாடிப் பாத்திரம் சுமக்கிற மாதிரி சுமந்துகொண்டு படி இறங்கினார்.

தெரு முனை. இன்ஜினைக் கொஞ்சம் பாட விட்டார். காலைத் தூக்கினார். கை மூடத்தான் பார்த்தது. மணிக்கட்டுக்குள் அந்தப் பழைய ஆள் எட்டிப் பார்த்தான். ஆனால் தோள் இறங்கினால் குத்தும். தோள் கல்லாக நின்றது. தோள் நின்றதால் கையும் நின்றது. கியர் உள்ளே போனதே தெரியவில்லை. இன்ஜினின் சுருதி மட்டும் ஒரு படி இறங்கியது. காலைக் கீழே வைத்தார். மூன்று. நான்கு. ஐந்து.

முதல் சிக்னல், இரண்டாவது சிக்னல். அவருக்கு வேறு எதிலும் புத்தி இல்லை. தோள், கால், தோள், கால். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினார். மூன்றாவது சிக்னலைத் தாண்டி ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது காதுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறது என்று தோன்றியது. செயின் தளர்ந்துவிட்டதோ? மச்சினன் வேலை, நம்ப முடியாது. காதைத் தீட்டிக்கொண்டார்.

செயின் இல்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

எப்போது ஆரம்பித்தாளோ தெரியாது. சமையலறை, தரை, ஓடு, நிறம் என்று போய்க்கொண்டிருந்தது.

"ம்" என்றார்.

"என்ன ம்?" என்றாள் தையல்காரம்மா. "இவ்வளவு நேரம் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"உங்க... அந்த ஓடு..."

"யார் வீட்டு ஓடு?"

அவர் மாட்டிக்கொண்டார். ஐந்தாவது கியர், சாலை காலி, கை ஆடவில்லை, கால் இடத்தில் இருக்கிறது, தோள் கல். எல்லாம் சரி, காது மட்டும் வேலைக்கு வரவில்லை.

டக்!

ஹெல்மெட்டில் ஒரு மோதல். எடைமேடைக்காரருக்கு உயிரே போய்விட்டது. "நான் கையை அசைக்கவே இல்ல! கியரே மாத்தல!" என்று கத்தினார்.

"தெரியும்" என்றாள் அவள். "இது பெட்டி முட்டினது இல்ல. நான் முட்டினது. ஒழுங்கா கேளுங்க, முதல்லேருந்து சொல்றேன்."

முதலிலிருந்து சொன்னாள்.

கடை வாசலில் வேன்காரர் காத்துக்கொண்டிருந்தார். வேன் பளபளவென்று நின்றது. ஜன்னலோரத்தில் அந்த மெத்தை வைத்த சீட்டு தெரிந்தது. எடைமேடைக்காரர் அதைப் பார்க்காத மாதிரி பைக்கின் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"என்னம்மா, திங்கக்கிழமை வந்துடலாமா?"

தையல்காரம்மா ஹெல்மெட்டைக் கழற்றினாள். கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"இந்த மாசம் வேணாங்க. இவரு கை இப்பத்தான் பழகுது. அடுத்த மாசம் கேளுங்க, பாக்கலாம்."

"அடுத்த மாசமா? அதுக்குள்ள சீட்டு போயிடும்மா."

"போனா வேற சீட்டு காலியாகும்" என்றாள் அவள். எடைமேடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன நிக்கறீங்க? லாரிக்காரன் மேடையில காலை வச்சிருப்பான். போங்க."

"குண்டூசியை எடுத்துடு முதல்ல."

"வைக்கலைன்னு சொன்னேனே."

எடைமேடைக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைக் கழற்றிப் பார்த்தார். தையலை ஓர் அங்குலம் பிரித்தும் பார்த்தார். வெறும் நூல். இரட்டை மடிப்புக்குள் துணியைத் தவிர ஒன்றும் கிடையாது. பிரித்த தையலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பிறகு அப்படியே மாட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

மத்தியானம் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, பெட்டி எப்படி?"

"பரவாயில்லை. வயரை இன்னும் கொஞ்சம் ஒழுங்கா கட்டியிருக்கலாம்."

"இடி எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணா? அட! அதையும் சரி பண்ணிடலாம் மாமா. எந்த கியர்ல இருந்து எந்த கியருக்குப் போகும்போது வந்துச்சு?"

எடைமேடைக்காரர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மேடையில் ஒரு கம்பி லாரி நின்றது. பக்கத்தில் ஒருத்தன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது உனக்கு எதுக்கு? அதை நீ தொடாதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"காலை எடு!"